எந்தப் பொத்தானை அமுக்கினாலும்

யாரையும் சட்டென்று நம்பிப் பழக்கமில்லை எனக்கு. பிறவிக் குணம் இல்லை, தொழில் கொடுத்த குணம். லாரிகளை எடை போடும் மேடையில் வேலை பார்த்தவன் நான். சரக்கோடு வரும்போது ஒரு எடை, சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது இன்னொரு எடை. இரண்டுக்கும் நடுவில் மனிதன் என்னென்ன செய்வான் என்று என்னைக் கேட்டால் சொல்வேன். சரக்கு எடைக்கு வரும்போது டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஆள் ஒருத்தன் போர்வைக்குள் படுத்திருப்பான். வெறும் வண்டி மேடை ஏறும்போது அதே ஆள் ரோட்டோரத்தில் நின்று பல் குத்திக்கொண்டிருப்பான். அதனால் காலையில் முதல் வண்டி வருவதற்கு முன்னால், எடை தெரிந்த இரும்புக் கட்டிகளை மேடையில் வைத்துப் பார்ப்பேன். தெரிந்ததைச் சரியாகச் சொன்னால்தான் தெரியாததைச் சொல்லும்போது நம்பலாம். என் படிப்பு அவ்வளவுதான். மீதிக்குக் கூட்டல், கழித்தல், கையெழுத்து.

என் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது விழுந்தாள். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது, அந்தச் சத்தத்தில்தான் போய்ப் பார்த்தேன். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போனது. இடது கை மட்டும் மிச்சம். அந்தக் கையும் சொன்ன பேச்சைக் கேட்காது. சட்டை நுனியைப் பிடித்தால் பிடித்தபடியே இருக்கும், ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்துவிட வேண்டும்.

டாக்டர், "கேக்குறது அவங்களுக்குப் புரியுதான்னு சொல்ல முடியாது" என்றார். புரியவில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்ல முடியாது என்றுதான் சொன்னார். இரண்டும் ஒன்றல்ல என்று நான் பிடித்துக்கொண்டேன்.

என் மகளுக்கு அது போதவில்லை. வேறு ஊரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். அவளும் குற்றம் சொல்ல முடியாத பெண். குளியலறையில் அம்மாவைத் தூக்கும்போது எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு, இரண்டு பேரும் ஈரத் தரையில் உட்கார்ந்தபடியே வெகுநேரம் கிடந்தோம் என்று கேள்விப்பட்டதும் ஓடி வந்தாள். வந்த கையோடு, படுத்த நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு இல்லத்தில் இடம் பேசி முடித்துவிட்டு என் முன்னால் உட்கார்ந்தாள்.

"அப்பா, அங்க ஆள் இருக்கு, கட்டில் இருக்கு, தூக்குறதுக்கு மிஷினே இருக்கு."

"அவ இங்கதான் இருப்பா."

"அவளுக்கு எங்க இருக்கோம்னே தெரியாதுப்பா. இங்க இருந்தா என்ன, அங்க இருந்தா என்ன?"

"தெரியும்."

"எப்படித் தெரியும்? கண்ணப் பாத்தா தெரியுது, கையப் பாத்தா தெரியுதுன்னு நீங்க சொல்றீங்க. நான் பாத்தா எனக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது." அவள் குரல் உடைந்தது, ஆனால் நிறுத்தவில்லை. "அவளுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியற மாதிரிக் காட்டுங்க. இங்கதான் இருப்பேன்னு அவளே சொல்லட்டும். நான் இல்லத்துப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

மாதம் முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

கேட்டதில் நியாயம் இருந்தது. நானாக இருந்தாலும் கட்டியை வைத்துக் காட்டு என்றுதான் கேட்டிருப்பேன்.

என் மச்சினன், அதாவது என் மனைவியின் தம்பி, அடுத்த தெருவில் ஒரு கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். மாடிப்படிக்கு அடியில் இருக்கும் கடை. நெட்டையான ஆள் உள்ளே போனால் கும்பிட்டுக்கொண்டேதான் போக வேண்டும். ஒரு நகல் மிஷின், ஒரு பழைய கம்ப்யூட்டர், பிள்ளைகள் மறந்துவிட்டுப் போன சாமான்களைப் போட்டு வைக்க ஒரு அட்டைப் பெட்டி. மத்தியானம் கூட்டம் இருக்காது. சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அங்கே போய்விடுவோம். நகல் மிஷின் ஓடும்போது மூடியின் ஓரத்தில் வெளிச்சம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகும். அவள் கண் அதோடு கூடவே போகும். அதைப் பார்ப்பதற்காகவே வெறும் தாளை வைத்து ஓட்டச் சொல்வேன்.

"மை என்ன சும்மாவா வருது அத்தான்?" என்பான். ஆனாலும் ஓட்டுவான். அக்கா அல்லவா.

முதலில் அவன் போனை அவள் மடியில் வைத்துப் பார்த்தோம். ஆமாம் என்று ஒரு பக்கம், இல்லை என்று ஒரு பக்கம். அவள் விரல் பட்டதும் எழுதியது போய் ஏதோ படம் வந்தது. பிறகு கேமரா திறந்தது. பிறகு அவன் பெண்டாட்டிக்கு அழைப்பு போய், "எதுக்குய்யா கடை நேரத்துல கூப்பிடுற?" என்று அவள் அதட்டியதுதான் மிச்சம்.

"இது சரிப்படாது. அமுக்கினா உள்ள போற மாதிரி பொத்தான் வேணும்" என்றேன்.

அப்போதுதான் அந்த அட்டைப் பெட்டியிலிருந்து ஒரு கால்குலேட்டரை எடுத்தான். எவனோ ஒரு மாணவன் விட்டுப் போய் திரும்பிப் பார்க்காதது. சாதாரணக் கால்குலேட்டர் இல்லை. செங்கல் போலக் கனம், மேலே அகலமான திரை. கணக்கைக் கொடுத்தால் அதற்குக் கோடு வரைந்து காட்டுமாம். பொத்தான்கள் கெட்டியாக இருந்தன. அமுக்கினால் டக்கென்று உள்ளே போய் வெளியே வந்தன.

"இதுக்குள்ள நாமளே புரோகிராம் எழுதிப் போடலாம் அத்தான். இந்தப் பொத்தானுக்கு இதைக் காட்டு, அந்தப் பொத்தானுக்கு அதைக் காட்டுன்னு."

"உனக்கு எழுதத் தெரியுமா?"

"தெரியாது."

"பின்ன?"

"தெரியாதவங்களுக்குன்னே ஒருத்தன் இன்டர்நெட்ல போட்டு வச்சிருக்கான். முதல் புரோகிராம், ரொம்ப சுலபம்னு தலைப்பு."

"சுலபம்னு சொல்றவனை நம்பாதே."

"நீங்க கண்ணாடியில உங்க மூஞ்சியப் பாத்தாக்கூட அடையாள அட்டை கேப்பீங்க" என்றான்.

அந்தப் பக்கங்களை வீணான தாள்களின் பின்புறத்தில் அச்சடித்துக்கொண்டான். விஷயம் இதுதான். கம்ப்யூட்டரில் நாம் வரி வரியாக எழுத வேண்டும். அது ஆங்கிலம் போல இருக்கும், ஆனால் ஆங்கிலம் இல்லை. கால்குலேட்டருக்கு அது புரியாது. கம்பைலர் என்று ஒன்று அதை வாங்கி, கால்குலேட்டருக்குப் புரியும்படி மாற்றித் தரும். பிறகு ஒரு வயர் வழியாக அதை உள்ளே அனுப்ப வேண்டும்.

"அப்போ நடுவுல ஒரு தரகன் இருக்கான்னு சொல்லு" என்றேன்.

"தரகன்தான். ஆனா கமிஷன் கேக்க மாட்டான்."

கமிஷன் கேட்கவில்லை, உயிரைக் கேட்டது. தொடக்கமாக வெறும் ஒரு எழுத்தைத் திரையில் காட்ட ஒரு சின்ன புரோகிராம். ஒரு கைப்பிடி வரிகள். கம்பைலரிடம் கொடுத்தால், நாலாவது வரியில் பிழை என்றது. நாலாவது வரியைத் தலைகீழாக நின்று பார்த்தோம். ஒரு தப்பும் இல்லை. கடைசியில் பார்த்தால் மூன்றாவது வரியின் முடிவில் போட வேண்டிய ஒரு புள்ளிக்குறியை அவன் விட்டிருந்தான்.

"தப்பு ஒரு இடத்துல, சொல்றது ஒரு இடத்துல. இவனையா நம்பச் சொல்றே?"

"அது தடுக்கி விழுந்த இடத்தைச் சொல்லுது அத்தான். கல்லு அதுக்கு முன்னாடி கிடக்கும்."

அதைப் போட்டபின் பிழை இல்லை என்று வந்தது. வயரைச் சொருகி அனுப்பினோம். ஓட்டினால் திரை ஒரு தடவை இமைத்தது, அவ்வளவுதான். மறுபடி ஓட்டினோம், மறுபடி இமைத்தது. அவன் அந்தத் தாள்களை எச்சில் தொட்டுப் புரட்டி, பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டான். எழுத்தைக் காட்டு என்று சொல்லியிருந்தோம், காட்டிவிட்டு நில் என்று சொல்லவில்லை. காட்டிய வேகத்தில் வேலை முடிந்தது என்று அது கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டது. ஒரு பொத்தானை அமுக்கும்வரை காத்திரு என்று இன்னொரு வரி எழுதினான். எழுத்து வந்தது. நின்றது. சக்கர நாற்காலியை இழுத்து அவளுக்குக் காட்டினேன். அவள் நகல் மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த தலைவலி தமிழ். அந்த மிஷினுக்குத் தமிழ் எழுத்து கிடையாது. ஆங்கிலத்தில் காட்டினால் அவளுக்குப் படிக்கத் தெரியாது. கோடு வரைகிற மிஷின்தானே, புள்ளி புள்ளியாக நாமே வரைந்துவிடலாம் என்றான். கட்டம் போட்ட தாள் வாங்கி வந்தோம். வேண்டிய கட்டங்களை நான் பென்சிலால் கறுப்பாக்கினேன். வரிசை, கட்டம் என்று நான் சொல்லச் சொல்ல அவன் தட்டினான். ஆமாம் என்ற சொல் பெரியதாக, திரையில் முக்கால்வாசியை அடைக்கிற மாதிரி. இல்லையில் அந்த 'லை' எங்களைப் படுத்தியது கொஞ்சமல்ல.

ஓட்டிப் பார்த்தால் ஆமாம் தலைகீழாகத் தொங்கியது. நான் வரிசையைக் கீழிருந்து எண்ணியிருந்தேன், மிஷின் மேலிருந்து எண்ணுகிறதாம்.

"அக்காவைத் தலைகீழா நிக்க வச்சிடலாமா?" என்றான் மச்சினன். அன்றைக்குத்தான் ரொம்ப நாளைக்கப்புறம் நான் சிரித்தேன். அவள் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பைக் கேட்டுத்தான் பார்த்தாள் என்று நினைத்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் நகல் எடுக்க வந்ததும் அதே நேரம்தான்.

ஒருவழியாக எல்லாம் நேரானது. இடது ஓரத்தில் இருந்த ஒன்று என்ற எண்ணை அமுக்கினால் ஆமாம். வலது ஓரத்துக் கூட்டல் குறியை அமுக்கினால் இல்லை. மற்ற பொத்தான்கள் படாமலிருக்க, ஃபைல் அட்டையை வெட்டி இரண்டு ஓட்டை போட்டு மேலே ஒட்டினான். அவள் மடியில் ஒரு பலகை, பலகையின் மேல் கால்குலேட்டர். இடது கையைத் தூக்கி நான் அதன் மேல் வைத்தேன்.

"அக்கா, தண்ணி வேணுமா?"

விரல் ஓட்டைக்குள் இறங்கியது. டக். ஆமாம்.

மச்சினன் துள்ளியதில் தலை மாடிப்படியில் இடித்தது. தண்ணீர் கொடுத்தான். குடித்தாள். "நான் உன் தம்பிதானே?" ஆமாம். "அத்தானோட குடும்பம் நடத்துறது கஷ்டம்தானே?" ஆமாம். அவன் அழுதுகொண்டே சிரித்தான். "பாத்தீங்களா அத்தான்? இத்தனை நாளா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்கா!"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவன் கேட்டதெல்லாம் ஆமாம் என்று பதில் வர வேண்டிய கேள்வி. எடைக்கட்டியை வைத்துப் பார்க்காமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவள் காதருகே குனிந்தேன்.

"நீ என்னைப் பெத்தவளா?"

டக். ஆமாம்.

"அத்தான், சும்மா இருங்க."

"இந்தக் கடை உன்னோடதா?" ஆமாம். "நீ செத்துப்போயிட்டியா?" ஆமாம்.

கால்குலேட்டரைத் தலைமாற்றி வைத்தேன். இப்போது கூட்டல் குறி அவள் கைப்பக்கம் வந்தது. "நான் உன் புருஷனா?" விரல் அதே இடத்தில் இறங்கியது. இல்லை. "இவன் உன் தம்பியா?" இல்லை. "தண்ணி வேணுமா?" இல்லை.

கை விழுகிற இடத்தில் எந்தப் பொத்தான் இருக்கிறதோ அது. அவ்வளவுதான். மிஷின் பொய் சொல்லவில்லை.

மச்சினன் முக்காலியில் உட்கார்ந்துவிட்டான். யாரோ வந்து, "அண்ணே, ரெண்டு பக்கமும் எடுப்பீங்களா?" என்று கேட்டதற்கு, "இன்னைக்கு ஒரு பக்கமும் கிடையாது, போப்பா" என்றான்.

அதன் பிறகும் சில நாள் முயன்றோம். காலையில் கேட்டேன், சாப்பிட்டபின் கேட்டேன், தூங்கி எழுந்ததும் கேட்டேன். பொத்தான்களை மேலும் கீழுமாக மாற்றி அவன் திரும்பத் திரும்ப கம்பைல் பண்ணினான். இப்போதெல்லாம் பிழையே வரவில்லை. நன்றாக எழுதப் பழகிவிட்டான்.

மகள் வருகிற வாரம் அவன்தான் ஆரம்பித்தான். கடையில் யாரும் இல்லாதபோதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

"எந்தப் பொத்தானை அமுக்கினாலும் நாம முன்னாடியே போட்டு வச்ச வரிசையில பதில் வர்ற மாதிரி எழுதிடலாம் அத்தான். முதல் தடவை அமுக்கினா முதல் பதில், ரெண்டாவது தடவை ரெண்டாவது. கடைசி பதிலுக்கு அப்புறம் திரும்ப முதல்லேருந்து வரும். கேள்விய அதே வரிசையில நாம கேட்டுட்டா முடிஞ்சுது."

எடைமேடைக்கு அடியில் குழிக்குள் இறங்கி, எடை குறைத்துக் காட்ட முட்டுக்கட்டை வைத்த ஒருவனைக் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டவன் நான். அவனும் குடும்பம் என்றுதான் அழுதான்.

"நான் சொன்னேன்னு நீங்க செய்ய வேண்டாம். அக்கா போயிட்டா வீட்டுல யார்கூட சண்டை போடுவீங்கன்னு மட்டும் யோசிங்க."

"என்ன கேள்வி?" என்றேன்.

"இது யாரு, உன் மகளான்னு முதல்ல. ஆமாம். அப்புறம் தண்ணி வேணுமா, காத்தாடி போடணுமான்னு. ஆமாம், ஆமாம். கடைசியா, இங்கேயே இருக்கியான்னு. ஆமாம்."

"எல்லாம் ஆமாம்னா எவன் நம்புவான்? நான் நம்புவேனா? அவ என் பொண்ணு. நடுவுல ஒரு இல்லை வரணும்."

அவனுக்கு அது பிடித்தது. "ரெண்டாவதா நான் கேக்குறேன். நான் உனக்கு அண்ணனான்னு. தம்பிதானே, அதனால இல்லை. அசந்துடுவா."

ஆக வரிசை இப்படி அமைந்தது. ஆமாம், இல்லை, ஆமாம், ஆமாம், ஆமாம். அந்த இல்லையை அந்த இடத்தில் வைத்தது நான்தான். கம்பைலர் ஒரு பிழையும் சொல்லவில்லை. அதற்குப் புள்ளிக்குறியில் தப்பு இருந்தால்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். அம்மாவின் நாற்காலியை ஜன்னலோரம் தள்ளி வைத்திருந்தேன். தலை வாரி, வெளுத்த துணி உடுத்தி, மடியில் பலகையும் வைத்திருந்தேன். மகள் கைப்பையை மடியில் வைத்தபடியே கட்டிலின் நுனியில் உட்கார்ந்தாள், எழுந்து போக வேண்டியவள் போல. மச்சினன் கதவோரம் நின்றுகொண்டான். அவன் நெற்றி வேர்த்திருந்தது.

"இது யாரு, உன் மகளா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

விரல் இறங்கியது. ஆமாம்.

மகள் திரையைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். அவளும் இரண்டு தடவை பார்க்கிற ஜாதிதான்.

"அடுத்து நான்" என்று மச்சினன் முன்னால் வந்தான். "அக்கா, நான் உனக்கு..."

மகளின் கைப்பை கீழே விழுந்தது. அவள் கட்டிலிலிருந்து இறங்கித் தரையில் மண்டியிட்டு, அம்மாவின் செத்த கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்து நிற்பாளே, அந்த முகம்.

"அம்மா, உனக்கு நான் பேசுறது கேக்குதாம்மா? இந்த வீட்டுலேயே இருக்கணும்னு உனக்கு ஆசையாம்மா?"

"இரும்மா, மாமா கேட்டு முடிக்கட்டும்" என்றேன். என் கை பலகையை நோக்கிப் போனது. பலகையை இழுக்கத்தான் போனேன். அதற்குள் விரல் ஓட்டைக்குள் இறங்கிவிட்டது.

இல்லை.

நான் கட்டம் கட்டமாகக் கறுப்பாக்கிய சொல், திரை முழுக்க நின்றது.

ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளை ஸ்டாண்ட் போடும் சத்தம் கேட்டது. மச்சினன்தான் முதலில் வாயைத் திறந்தான். "அக்காவுக்குக் கேள்வி சரியா விழல போல. இன்னொரு தடவை கேளும்மா. அதையே கேளு." அடுத்தது ஆமாம் என்று அவனுக்குத் தெரியும்.

ஆனால் அவள் கணக்குப் பார்க்கிறவள். ஒரே கூட்டலை மேலிருந்து ஒரு தடவை, கீழிருந்து ஒரு தடவை போட்டுப் பார்க்கிறவள்.

"அப்போ நான் சொன்ன அந்த இடத்துக்கு வர்றியாம்மா? அங்க உன்னைப் பாத்துக்குவாங்க. வர்றியா?"

ஆமாம்.

அவள் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நிமிர்ந்தபோது அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"நீங்க சொன்னது சரிப்பா. அம்மாவுக்கு எல்லாம் தெரியுது. நான்தான் நம்பல. மன்னிச்சிடுங்கப்பா."

"அது பொய்" என்றேன்.

"என்ன பொய்?"

"மிஷின் சொல்றது. நாங்க போட்டு வச்சது அது. வரிசையா வரும். எதைக் கேட்டாலும் அதுதான் வரும். உன் மாமனைக் கேளு."

அவள் மச்சினனைப் பார்த்தாள். அவன் என்னைப் பார்த்தான். எந்தப் பக்கம் சாய்ந்தால் அக்கா பிழைப்பாள் என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

"அப்பா" என்றாள், குழந்தையிடம் பேசுவது போல. "எதையும் நம்பாதவர் நீங்க. இதையாவது நம்புங்க. உங்களை விட்டுட்டுப் போறேன்னு சொல்லல அவ. உங்களுக்கு முடியலன்னு அவளுக்குத் தெரியுது. அதான்."

"இப்ப கேளு. உன் பேரு சூரியனான்னு கேளு. ஆமாம்னு வரும், பாரு."

கேட்க முடியவில்லை. என் மனைவியின் தலை சரிந்திருந்தது. தூங்கிவிட்டாள். கையைத் தூக்கி ஓட்டையின் மேல் வைத்தேன், வழுக்கி விழுந்தது. என் விரலால் நானே அமுக்கினேன். ஆமாம் என்று வந்தது.

"நீங்க அமுக்கினா என்னப்பா அர்த்தம்?" என்றாள்.

மச்சினனை இழுத்துக் கம்ப்யூட்டரைத் திறந்து வரி வரியாகக் காட்டச் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அப்புறம்தான் உறைத்தது. காட்டினால் என்ன ஆகும்? அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று ஆகும். தெரியாவிட்டால் இல்லம் என்பதுதான் பேச்சு. காட்டாவிட்டாலும் இல்லம். இரண்டு எடையும் ஒன்றாக வருகிற லாரியில் சரக்கே இல்லை என்று அர்த்தம். வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வாரத்திலேயே கூட்டிப்போனார்கள். நாற்காலியை வண்டியில் ஏற்றும்போது இடது கை என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டது. எதைப் பிடித்தாலும் அது அப்படித்தான். ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டேன்.

இல்லம் பஸ்ஸில் போகிற தூரம்தான். நீள நடைபாதை, இருபுறமும் ஒரே நிறக் கதவுகள், மருந்தும் சோப்பும் கலந்த வாசனை. இடுப்பு கொஞ்சம் சரியானதும் போனேன். அவள் அறையில் மகள் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தாள். கேள்வி கேட்டால் அம்மா பொத்தானை அமுக்கிப் பதில் சொல்வார், பொறுமையாகக் கேட்கவும் என்று அழகான கையெழுத்து. பலகை மடியில் இருந்தது.

அங்கே பார்த்துக்கொள்கிற அம்மாளுக்கு என் மனைவியை ரொம்பப் பிடித்துவிட்டது. "உங்க வீட்டம்மா படு தெளிவுங்க. மத்தவங்ககிட்ட நாங்க ஊகிச்சுதான் செய்யணும். இவங்க கேட்டா டக்குனு சொல்லிடுறாங்க. நேத்து சாப்பாடு போதுமான்னேன், ஆமாம்னாங்க. எங்கயாவது வலிக்குதான்னேன், இல்லைன்னாங்க."

அவள் போனதும் போர்வையைத் தூக்கிப் பார்த்தேன். எடை போட்டவனுக்கு எங்கே அழுத்தம் விழும் என்று தெரியும். வலது குதிகால், நாற்காலியின் கால்மிதி படுகிற இடம். தோல் வெந்தது போலப் பிய்ந்திருந்தது.

சட்டைப் பையில் சின்ன ஸ்க்ரூ டிரைவர் வைத்திருந்தேன். வரும்போதே எடுத்து வந்திருந்தேன். பின்மூடியைத் திறந்து பேட்டரிகளை எடுத்தேன். உள்ளே திருகு போட்டு இன்னொரு சின்ன வட்டப் பேட்டரி இருக்கும், அதையும் எடுத்தால்தான் எழுதினதெல்லாம் போகும் என்று மச்சினன் முன்பு சொல்லியிருந்தான். அதையும் எடுத்தேன். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு எல்லாவற்றையும் திரும்பப் போட்டேன். ஆமாமும் போயிருந்தது, இல்லையும் போயிருந்தது. வெறும் திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் இமைத்துக்கொண்டிருந்தது.

"வலிக்குதா?" என்று கேட்டேன்.

விரல் ஓட்டைக்குள் இறங்கியது. திரையில் ஒன்று என்ற எண் வந்தது.

"வீட்டுக்குப் போலாமா?"

அதன் பக்கத்தில் இன்னொரு ஒன்று.

"நான் யாருன்னு தெரியுதா?"

இன்னொன்று. அதன் பிறகு நான் கேட்கவில்லை. அவள் அமுக்கிக்கொண்டே இருந்தாள். ஒன்றுகள் வரிசை முழுக்க நிறைந்து அடுத்த வரிக்கு இறங்கின.

அந்த அம்மாள் தண்ணீர்க் குடத்தோடு திரும்பி வந்து எட்டிப் பார்த்தாள். "என்ன சொல்றாங்க?"

"ஒண்ணும் சொல்லல" என்றேன். "குதிகால் புண்ணாயிருக்கு. மருந்து எடுத்துட்டு வாங்க."